நாடகத் தமிழின் நெடுவழி – 17: யவனக் கனவும் நெல்லைச் சுருங்கையும்

மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் திருவண்ணாமலையின் வீதிகளை விட்டுப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக் கரையில் வல்லாள மகாராஜனுக்குப் பிள்ளை முறையில் நின்று திதி கொடுக்கும் வழக்கத்தை இவ்வூரில் பிறந்தவர் எவரும் சிறுவயதிலேயே கேட்டிருப்பர். பிள்ளையில்லா மன்னனைச் சோதிக்க அடியார் வேடத்தில் வந்த ஈசன், இளைய ராணி சல்லமாதேவி தீண்டிய மாத்திரத்தில் குழந்தையாக மாறி, அள்ளியெடுத்துக் கொஞ்சுவதற்குள் மறைந்து, ஈமக்கடனை நாமே செய்வோம் என்று வாக்களித்துப் போனார் என்பது புராணம். சரித்திரம் சொல்லும் முடிவோ வேறு வகையானது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன், திருவண்ணாமலையைத் தன் இராஜதானிகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டு மதுரைச் சுல்தான்களோடு பொருது, எண்பது வயது கடந்த முதுமையில், 1342-ஆம் ஆண்டு கண்ணனூர்க் கொப்பத்துப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணாலேயே கண்டதாக யாத்திரிகர் இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவனுக்கு, கிரேக்க மகாகவி ஸோபோக்ளிஸ் இயற்றிய ஆண்டிகனி நாடகம் நினைவுக்கு வராமல் போகாது. ஈமக்கடன் மறுக்கப்பட்டு ஊர்ப்புறத்தே எறியப்பட்ட அண்ணன் உடலுக்கு, அரசாணையை மீறி ஒரு பிடி மண் தூவியவள் ஆண்டிகனி. அங்கே தங்கை செய்த காரியத்தை இங்கே தெய்வம் ஆண்டுதோறும் செய்துவருகிறது. இத்தனை பெரிய துன்பியல் வஸ்து கோபுர நிழலிலேயே கிடக்க, ஆங்கிலம் கற்ற தமிழர் ஒருவர் தம் மொழியில் செய்யுள் நாடகம் ஒன்று இயற்றவேண்டுமென்று விரும்பியபோது அதன் கதையைக் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள சகதேசத்திலிருந்து, கிரேக்கர் வழியாகவும் ஆங்கிலப் பிரபு ஒருவர் வழியாகவும் வரவழைத்துக்கொண்டார். அந்த வரத்தின் வரலாறே இவ்வாரத்துப் பொருள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்த விருந்தாளி எப்படி வீட்டுப் பிள்ளையானான் என்பதைத்தான் சொல்லப் புகுகிறேன்.

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் படித்த வகுப்பாருக்குக் கிரேக்கத்தின் மேல் இருந்த மோகம், நம் பண்டிதர்களுக்குச் சமஸ்கிருதத்தின் மேல் இருந்த பக்திக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பள்ளியில் பிரம்படியோடு கற்ற யவன மொழி, வயது வந்த பின் அவர்களுடைய கவிதையில் வேறு உருவத்தில் எழுந்து நின்றது. மாத்யூ ஆர்னால்டு, ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த நாளில், 1858-இல் ‘மெரோப்’ என்ற நாடகத்தைக் கிரேக்க இலக்கணம் சிறிதும் பிசகாமல் எழுதினார். தன் மகனையே மகனைக் கொன்றவன் என்று தவறாகக் கருதி ஒரு தாய் கோடரியை ஓங்கும் கதை அது. இலக்கணம் பிசகவில்லை, உயிர்தான் சற்றுக் குறைந்து போயிற்று. அந்த உயிரை அளவுக்கு மிஞ்சியே ஊற்றியவர் ஸ்வின்பர்ன். 1865-இல் அவர் வெளியிட்ட ‘கேலிடனில் அட்லாண்டா’வில், பிறந்த அன்று அடுப்பில் எரிந்துகொண்டிருந்த ஒரு கொள்ளிக்கட்டை எரிந்து தீரும்வரைதான் மகனுக்கு ஆயுள் என்று விதி சொல்ல, அதை அணைத்து இத்தனை ஆண்டு பேழையில் பூட்டி வைத்திருந்த தாய், தன் உடன்பிறந்தாரை அம்மகன் கொன்றான் என்ற சினத்தால் தன் கையாலேயே அதை மீண்டும் நெருப்பில் இடுகிறாள். இளைஞர் அந்நூலின் குழுப்பாட்டுகளை உருப்போட்டுத் திரிந்தார்கள் என்பர். எனினும் இவையெல்லாம் நாற்காலியில் சாய்ந்து படிப்பதற்காக எழுந்த நாடகங்களே. மேடையில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை சர்வகலாசாலைகளில் பிறகுதான் வந்தது. 1880-இல் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் எஸ்கிலஸின் ‘அகமெம்னன்’ நாடகத்தைக் கிரேக்க மொழியிலேயே நடித்தார்கள்.

ஸ்வின்பர்னின் நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1866-இல், எட்வர்டு புல்வர் லிட்டன் என்ற பிரபு, ‘மிலேட்டஸின் மறைந்த கதைகள்’ என்று ஒரு செய்யுள் தொகுதி வெளியிட்டார். ‘பாம்பேயின் கடைசி நாட்கள்’ எழுதிப் பெரும் புகழ் பெற்ற நாவலாசிரியர் இவரே. மிலேட்டஸ் என்பது சின்ன ஆசியாவின் கரையில் இருந்த கிரேக்க நகரம்; ஒரு காலத்தில் சிங்காரக் கதைகளுக்குப் பேர்போனது; அக்கதை நூலோ அடியோடு அழிந்துபோயிற்று. அழிந்தது எப்படி இருந்திருக்கக்கூடும் என்று மனத்தால் ஊகித்து, பழைய கிரேக்க ஏடுகளில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த துணுக்குகளை எடுத்து, எதுகையில்லாத யாப்பில் லிட்டன் எட்டுக் கதைகளோ பத்துக் கதைகளோ கோத்தார். எண்ணிக்கை நமக்கு முக்கியமன்று, அவற்றுள் ஒன்றே நமக்கு வேண்டும். அதன் பெயர் ‘இரகசிய வழி’.

அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் அலெக்ஸாந்தரின் அரண்மனை வாயிலுக்கே போய்ச் சேருகிறோம். அவனுடைய சபையில் வந்தவரை அறிவித்து உள்ளே அழைத்துச் செல்லும் உத்தியோகம் பார்த்த மிட்டிலீனி ஊர்க் காரீஸ் என்பவன், கீழ்நாடுகளில் தான் கேட்ட கதைகளை எழுதி வைத்தான். அந்நூலும் அழிந்தது. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எகிப்து தேசத்து அதினேயஸ் என்ற பண்டிதர், வித்வான்கள் விருந்துண்டுகொண்டே பேசும் சம்பாஷணை வடிவில் பதினைந்து பாகமுள்ள பெருநூல் ஒன்று செய்தபோது, பதின்மூன்றாம் பாகத்தில் காரீஸின் இக்கதையைச் சுருக்கித் தந்ததால் நமக்குக் கிடைத்தது. சோற்றுப் பந்தியில் பேசின பேச்சு காப்பாற்றிக் கொடுத்த இலக்கியங்கள் உலகில் பலவுண்டு.

கதை இது. பாரசீக மன்னன் ஹிஸ்டாஸ்பிஸின் தம்பி ஸாரியாட்ரிஸ். தானாயிஸ் ஆற்றுக்கு அப்பால் ஆண்ட ஒமார்ட்டிஸ் என்ற அரசனின் மகள் ஒடாட்டிஸ். ஒருவரையொருவர் நேரில் காணாமலே இருவரும் கனவில் கண்டு காதல் கொண்டார்கள். அவன் பெண் கேட்டு அனுப்பினான். ஆண் மக்கள் இல்லாத அரசன், தன் சுற்றத்தாருக்கே கொடுப்பதென்று மறுத்துவிட்டான். பிறகு உறவினரையும் பிரபுக்களையும் கூட்டி, யாருக்கென்று சொல்லாமலே கல்யாண விருந்து வைத்து, மது மயக்கம் ஏறிய வேளையில் மகளை அழைத்து, பொற்கிண்ணத்தில் மதுவை வார்த்து நீ விரும்பியவனிடம் கொடு, அவனுக்கே நீ மனைவி என்றான். அவள் சபையைச் சுற்றிப் பார்த்தாள். கனவில் கண்ட முகம் அங்கே இல்லை. அழுதுகொண்டே கிண்ணம் நிரப்பப் போனாள். ஆனால் முன்னரே அவள் இரகசியமாகச் செய்தி அனுப்பியிருந்தாள். ஆற்றங்கரையில் பாளையம் இறங்கியிருந்த ஸாரியாட்ரிஸ், தேர்ப்பாகன் ஒருவனை மட்டும் உடன்கொண்டு, இரவோடிரவாக எண்ணூறு ஸ்டாடியம், அதாவது நம் கணக்கில் ஏறக்குறையத் தொண்ணூறு மைல், தேரோட்டி வந்து, சகர் உடையில் மண்டபத்துள் நுழைந்து, கண்ணீர் வழிய மது கலந்துகொண்டிருந்தவள் பக்கத்தில் நின்று, நீ விரும்பியபடியே வந்துவிட்டேன் என்றான். அவள் நிமிர்ந்தாள்; அதே முகம். கிண்ணம் கைமாறியது, தேர் பறந்தது. காதலை அறிந்திருந்த பணியாட்கள், அரசன் கேட்டபோது, எங்கே போனாள் என்று தெரியாதென்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்நாட்டார் இக்கதையைக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் வீடுகளிலும் சித்திரமாகத் தீட்டி வைத்தார்கள் என்றும், பிரபுக்கள் தம் பெண்களுக்கு ஒடாட்டிஸ் என்று பெயரிட்டார்கள் என்றும் காரீஸ் சொல்கிறான்.

கனவில் கண்டவனை மணந்தவள் என்றால் நமக்கு உடனே பாகவதத்து உஷை ஞாபகம் வருவாள். அநிருத்தனைக் கண்டுபிடிக்கச் சித்திரலேகை எழுதிய படங்கள் ஞாபகம் வரும். இக்கதை தமிழ் மண்ணில் எளிதாக வேர்விட்டதற்கு இந்த முன்பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கே, பிரதான கதையை விட்டுச் சற்று விலகிப் போக வாசகர் அனுமதிக்கவேண்டும். போகாமலிருக்க என்னால் முடியவில்லை. புல்வர் லிட்டனுக்கு ராபர்ட் என்று ஒரு மகன். ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் கவி எழுதியவர். 1855-இல், இருபத்து மூன்று வயதில், அவர் வெளியிட்ட முதல் நூலின் தலைமைப் படைப்பு ‘கிளைட்டெம்னெஸ்ட்ரா’: பெற்ற மகளைப் போருக்குப் பலி கொடுத்த கணவன் அகமெம்னனை அவன் வெற்றியோடு வீடு திரும்பிய நாளிலே கொன்றவளின் கதை, செய்யுள் நாடகமாக. இந்தக் கவிஞரே 1876-இல் இந்தியாவின் இராஜப் பிரதிநிதியாகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, முன்னவர் நார்த்புரூக் அவசரச் சட்டமாகத் தொடங்கி வைத்ததை முறையான சட்டமாக்கி, அரசாங்கத்துக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடுக்கும் 1876-ஆம் ஆண்டின் 19-ஆவது சட்டம் அவருடைய ஆட்சியில் நிறைவேறியது. யவன மகாகவிகளின் வழியில் நாடகம் எழுதியவர் கையால் நம் நாட்டு நாடகத்துக்கு விலங்கு பூட்டப்பட்டது. அந்தச் சட்டத்தின் வாலைப் பின்னாளில் தேசிய நாடகக்காரர் பலர் மிதித்து அகப்பட்டதைத் தொடரில் பின்னர் காண்போம்.

அது மட்டுமா? 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் மகாராணியார் சக்கரவர்த்தினியானார் என்று அவர் தர்பார் நடத்திய வேளையில், சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. வட ஆர்க்காடும் சேலமும், அதாவது திருவண்ணாமலைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள சீமைகள், மனிதர் காய்ந்த சருகாய் உதிர்ந்த இடங்கள். சிக்கனம் செய்யவென்று அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதுமென்று கூலியைக் குறைத்ததும், அது உயிர்தாங்கப் போதாதென்று மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடியதும் அரசாங்க ஏடுகளிலேயே இருக்கின்றன. ஒரு மகளின் பலிக்காகத் தாய் கொண்ட கோபத்தை அத்தனை செய்யுளில் பாடிய மனிதர் அவர். ‘கிளைட்டெம்னெஸ்ட்ரா’வைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அதன் காகிதத்தில் கம்பு தானியத்தின் மணம் வீசுகிறது.

அந்தப் பஞ்ச காலத்தில்தான், 1877-ஐ ஒட்டி, நெல்லை இந்துப் பாடசாலையில் ஓர் இளைஞர் தலைமை ஆசிரியராக இருந்தார். ஆலப்புழையில் 1855 ஏப்ரலில் பிறந்து, 1876-இல் பி.ஏ. தேறி வந்த பெ. சுந்தரம் பிள்ளை. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாக அடைந்ததும் இந்த நெல்லை வாசத்தின் பயனே. பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குத் திரும்பி, தம் ஆசிரியர் ஹார்வி துரை வகித்த தத்துவப் பேராசிரியர் பதவியைத் தாமும் வகித்தார். அவர்பால் கொண்ட அன்பினால் தம் இல்லம் இருந்த இடத்துக்கே ஹார்விபுரம் என்று பெயரிட்டார், ‘மனோன்மணீய’த்தையும் அவருக்கே உரிமையாக்கினார். அந்நூல் 1891-இல் வெளிவந்தது: ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பாலும் ஆசிரியப்பா. கதைக்கு லிட்டனின் ‘இரகசிய வழி’யே ஆதாரம் என்பதை மறைக்காமல் முகவுரையிலேயே சொல்லிவிட்டார். இந்த நேர்மை அக்காலத்து நூலாசிரியர்கள் எல்லாரிடமும் இருந்ததில்லை.

தானாயிஸ் ஆறு தாமிரபரணியாயிற்று. ஒமார்ட்டிஸ் பாண்டியன் சீவகனானான், ஒடாட்டிஸ் மனோன்மணியானாள், பாரசீக இளவரசன் சேரன் புருடோத்தமனானான். மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை கட்டிக்கொண்டு மந்திரி குடிலன் சொல்லே வேதமென்று கிடக்கும் சீவகன், நாஞ்சில் நாட்டு வயல்களின் பொருட்டுச் சேரனோடு போருக்கு நிற்கும் நிலை வருகிறது. நாஞ்சில் நாட்டைப் பற்றித் திருவிதாங்கூரில் உட்கார்ந்து ஒருவர் எழுதுகிறார் என்பதைக் கவனித்தால், யவனக் கதை எத்தனை ஆழமாக நம் வரப்புச் சண்டைக்குள் இறங்கிவிட்டது என்பது விளங்கும். பொற்கிண்ணம் மட்டும் இங்கே செல்லாது; தமிழ்க் கன்னி மது வார்க்கமாட்டாள். ஆகவே கிண்ணம் இருந்த இடத்தில் மணமாலை வந்தது. தந்தையின் துயர் தீரக் குடிலன் மகன் பலதேவனை மணக்க இசைந்து, மாலையோடு நள்ளிரவில் நிற்பவள் முன்னே, கனவில் வந்தவன் சுருங்கை வழியே வந்து நிற்கிறான்.

அந்தச் சுருங்கையே சுந்தரம் பிள்ளையின் மேதை வெளிப்படும் இடம் என்பேன். கோட்டையிலிருந்து வெளியேறும் இரகசியப் பாதையைத் தமிழ் நூலில் அமைப்பவர் சுந்தர முனிவர். அரச குருவான அவர் பூசைக்கென்று ஓர் அறை கேட்டுப் பெற்று, எவரும் அறியாமல் அதை ஆக்குகிறார். சீவகன் என்ற பெயரில் சீவன் ஒளிந்திருப்பதையும், அவனைக் கெடுக்கும் மந்திரியின் பெயரில் குடிலம் இருப்பதையும், தன் பலத்தில் நம்பிக்கை வைத்துக் கட்டிய கோட்டையால் காப்பாற்றப்படாதவனைக் குரு காட்டிய வழி காப்பாற்றுவதையும் பார்த்தால், லிட்டன் பிரபு எழுதிய வீரக் காதற்கதை சைவ சித்தாந்தமாகக் கனிந்துவிட்டது தெரிகிறது. முனிவரின் பெயரில் கோடகநல்லூர் குருவின் பெயரே இருப்பதைப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். குடிலனுக்கு அந்த வழி தெரிந்தபோதும், அவன் எண்ணியது தனக்கு அரசு. நேர்ந்தது சேரன் கையில் விலங்கு.

இத்தனையும் சொல்லிவிட்டு உண்மையை மறைப்பது அழகன்று. ‘மனோன்மணீயம்’ ஆடுவதற்கு எழுந்த நாடகமன்று. அதன் நீண்ட தனிமொழிகளையும் முனிவர்களின் தத்துவ விசாரங்களையும், இடையே கோல்டுஸ்மித்தின் ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவி அமைந்த ‘சிவகாமி சரிதை’யையும் மேடையில் கேட்டுக்கொண்டிருக்கப் பார்வையாளருக்குப் பொறுமை போதாது. அதே 1891-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, தமிழ் நாடகம் ஒரே ஆண்டில் இரண்டு திசையில் பிரிந்தது போலத் தோன்றுகிறது: ஒன்று புத்தக அலமாரிக்கு, மற்றது விளக்கெரியும் மேடைக்கு. லிட்டனின் மகன் பாரிஸில் காலமானதும் அதே ஆண்டு நவம்பரில்தான். சுந்தரம் பிள்ளையோ 1897 ஏப்ரலில், நாற்பத்திரண்டு வயது நிரம்பிய மாதத்திலே மறைந்தார். 1942-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் வைத்து ‘மனோன்மணி’ என்று படமாக்கியதன் மூலம் எழுத்தறியாதவரும் கதையை அறிந்தார்கள். நாடகத்தின் முகப்பிலிருந்த தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி, 1970-இல் தமிழ்நாட்டு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டு, இன்று பள்ளிப் பிள்ளைகள் அனைவர் நாவிலும் இருக்கிறது. பாடுகிற பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அதன் பின்னே ஒரு பாண்டியன் மகளும், அவளுக்குப் பின்னே கிண்ணமேந்திய ஒரு சகப் பெண்ணும் நிற்பது தெரியும்?

படித்தவர் கிரேக்கத்தை இப்படி ஏட்டின் வழியாகத் தேடிக்கொண்டிருக்கையில், திருவண்ணாமலையைச் சூழ்ந்த கிராமங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மலைக்கு மேற்கே ஒரு சிற்றூரில், சிறுவனாக இருந்தபோது, பாரதக் கூத்தில் அரவான் களப்பலி இரவைப் பார்த்தேன். பகலில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் படித்தார்கள். இரவில் களரியில், இருவர் பிடித்த திரைக்குப் பின்னே சலங்கை ஒலி கேட்டது. கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்தான். முகவீணை அழ ஆரம்பித்தது. புஜக்கட்டையும் கிரீடமும் தாங்கி வந்த அரவான், போரில் தன் பக்கம் வெல்வதற்காகத் தன்னையே பலி தர ஒப்புக்கொண்டு தாயிடம் விடைபெற்றபோது, பின்பாட்டுக்காரர் வேஷக்காரனின் ஒவ்வோர் அடியையும் ஏந்தி நீட்டிப் பாடினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி, அரவான் தன் வயிற்றில் பிறந்தவன் போலவே, அடே ராசா, போகாதேடா என்று கதறினாள். பின்னாளில் எஸ்கிலஸை ஆங்கிலத்தில் படித்து, காற்றுக்குக் காத்துக் கிடந்த கப்பல்கள் டிராய்க்குப் புறப்படவேண்டுமென்று அகமெம்னன் தன் மகள் இபிஜினியாவைப் பலியிட்டதைக் குழுவினர் பாடும் இடத்துக்கு வந்தபோது, எனக்குக் கேட்டது அந்தக் கிழவியின் குரலே. யவனருக்கும் நமக்கும் கூத்தில் உறவு உண்டென்று நிறுவப் புறப்பட்டவர்கள் கூட்டத்தில் நான் சேரவில்லை. போருக்கு முன் பிள்ளையைக் கொடுத்த வீடு எந்த நாட்டிலும் ஒரே விதமாகத்தான் அழும். சொல்ல வந்தது வேறு. ஓவன் மெரிடித்தின் சீமையில் நூலகத்துக்குள் போய்விட்ட ஒன்று, அவருடைய ஆட்சிக்குட்பட்ட ஆர்க்காட்டுச் சீமையில் தெருவிலேயே இருந்தது. அதை நாடகமென்று எண்ணக் கற்றவர் எவருக்கும் அன்று தோன்றவில்லை.

சுந்தரம் பிள்ளையும் அதை எண்ணவில்லை என்பதற்கு அடையாளம், அவருடைய நாடகம் கல்யாணத்தில் முடிவதே. காரீஸின் கதை அப்படி முடிவதால் அவருக்கு வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஆனால் அத்தனை கிரேக்கக் கதைகளுள் அதைத் தெரிந்தெடுத்தவர் அவரல்லவா? நாயகன் சாவில் முடியும் நாடகம் மங்கலமன்று என்ற வடமொழிச் சம்பிரதாயம் ஆங்கிலம் படித்தவர் நெஞ்சிலும் அழுத்தமாகவே இருந்தது. கூத்தாடியோ அதைக் கேட்டறியான். அவன் அரவானைக் கொன்றான், கர்ணனைக் கொன்றான், விடிந்த பின் துரியோதனனை மண்ணால் செய்து படுகளத்தில் கிடத்தித் தொடையைப் பிளந்தான்.

செய்யுள் நாடகத்தில் இந்தக் கட்டை மெல்லத் தளர்த்தியவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். 1897-இல் ‘நாடகவியல்’ என்று நாடகத்துக்கு இலக்கணமே எழுதிய இந்த மதுரைக்காரர், 1902-இல், சோழன் சிறையில் கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்தி வந்ததால் அதைப் பருக மறுத்த சேரமான் கணைக்கால் இரும்பொறையை நாயகனாக்கி ‘மானவிஜயம்’ இயற்றினார். பரிதிமாற் கலைஞர் என்று நாம் அழைக்கும் அவருக்கு வரும் தவணையை முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன்.